நிமிராத இடது கை: குத்துச்சண்டைச் சம்பியன் ஜோ பிரேசியர்

2011ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் திகதி அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜோ பிரேசியர் காலமானார். ஈரல் புற்றுநோய். வயது 67. நோய் கண்டுபிடிக்கப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. மறுநாள் செய்தி வெளியிட்ட பல ஊடகங்கள் அவருடைய பெயரோடு இன்னொருவரின் பெயரையும் சேர்த்தே எழுதின. முகமது அலியை முதன்முதலில் தோற்கடித்தவர் என்பதுதான் அந்த அறிமுகம். அது உண்மைதான். தொழில்முறைப் போட்டிகளில் அதுவரை யாரிடமும் தோற்காதிருந்த அலியை 1971இல் வீழ்த்தியவர் பிரேசியர். ஆனால் அந்த இரவில் மேடையில் நின்ற பிரேசியரின் உடல் எப்படிப்பட்டது என்பது அப்போது அவருக்கு நெருக்கமான சிலரைத் தவிர எவருக்கும் தெரியாது. அவருடைய இடது கையை முழுமையாக நீட்ட முடியாது. இடது கண்ணில் பார்வை மிகக் குறைவு. பாரச்சுமை வீரர்களுக்குள் அவர் குட்டையானவர்.

பிரேசியர் 1944 ஜனவரி 12ஆம் திகதி தென் கரோலினா மாநிலத்தின் பியூஃபோர்ட் பகுதியில் பிறந்தார். அட்லாண்டிக் கரையோரச் சதுப்பு நிலமும் தீவுகளும் சூழ்ந்த இடம் அது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் வழிவந்த மக்கள் தமக்கென ஒரு பேச்சு வழக்கையும் வாழ்க்கை முறையையும் காத்துவந்த பகுதி. தந்தை ரூபின், தாய் டொலி. பத்து ஏக்கர் நிலம். ஆனால் நல்ல நிலமல்ல. பருத்தியும் வத்தகப்பழமும் தவிர அதில் வேறெதுவும் சரியாக வராது. வீட்டில் பிள்ளைகள் நிறைய. ஜோ பன்னிரண்டாவது பிள்ளை.

ஜோ பிறப்பதற்குச் சுமார் ஒரு வருடத்துக்கு முன்னர், ரூபினும் டொலியும் காரில் இருந்தபோது குடிபோதையில் இருந்த ஒருவன் அவர்களை நோக்கிச் சுட்டான். டொலிக்குக் காலில் காயம். ரூபினின் இடது கையில் பல குண்டுகள் பாய்ந்தன. அந்தக் கையை வெட்டி அகற்ற வேண்டியதாயிற்று. ஒற்றைக் கையோடுதான் அவர் அதன் பின்னர் உழுதார், மரம் வெட்டினார், கள்ளச் சாராயமும் காய்ச்சினார். நடக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே ஜோ தகப்பனின் பின்னால் திரிந்தான். தகப்பன் வலது கையால் செய்யும் வேலைக்கு மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்வது அவன். அப்பாவின் இடது கை நான்தான் என்று பிற்காலத்தில் பிரேசியர் பலமுறை சொல்லியிருக்கிறார். கை கால் இழந்த ஒருவர் இருக்கும் வீட்டில் வளரும் பிள்ளை எவ்வளவு சீக்கிரம் பெரிய ஆளாகிவிடுகிறது என்பதை எம் வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

எட்டு வயதளவில் ஜோவின் கைக்கும் அது நேர்ந்தது. வீட்டில் சுமார் 300 இறாத்தல் எடையுள்ள ஒரு பன்றி இருந்தது. விளையாட்டாக அதைத் தடியால் குத்திவிட்டு ஓடினான். பட்டியின் கதவு சாத்தப்படாமல் இருந்தது. பன்றி துரத்தியது. ஓடிய வேகத்தில் விழுந்து, இடது கை செங்கல்லில் அடிபட்டது. கை மோசமாகச் சிதைந்துவிட்டது. வைத்தியரிடம் காட்டக் காசில்லை. எலும்பும் தசையும் தாமாகவே பொருந்தின, வளைந்தபடியே பொருந்தின. அதற்குப் பின்னர் சாகும்வரை அவரால் அந்தக் கையை நேராக நீட்ட முடியவில்லை.

1950களின் தொடக்கத்தில் வீட்டுக்கு ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. அயலவர்கள் கூடிக் குத்துச்சண்டை பார்ப்பார்கள். சிறுவன் ஜோவின் கட்டுமஸ்தான உடம்பைப் பார்த்த அவனுடைய மாமா ஒருவர், இவன் இன்னொரு ஜோ லூயிஸாக வருவான் என்றார். ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை பாரச்சுமைச் சம்பியனாக இருந்தவர். அன்றைய கறுப்பின மக்களுக்கு அந்தப் பெயர் கிட்டத்தட்ட ஒரு வழிபாட்டுப் பெயர். மாமா சும்மா சொன்னாரோ என்னவோ, பையன் அதைப் பிடித்துக்கொண்டான். மறுநாளே ஒரு பழைய சணல் சாக்கை எடுத்து, கந்தல் துணி, சோளப் பொத்திச் சக்கை, மரங்களில் தொங்கும் பாசி எல்லாவற்றையும் அடைத்து, நடுவில் ஒரு செங்கல்லையும் வைத்துக் கட்டி, முற்றத்து ஓக் மரத்தில் தொங்கவிட்டான். தகப்பனின் கழுத்துப்பட்டியையோ, தாயின் காலுறையையோ கையில் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் அதைக் குத்துவான். பல வருடங்கள் அப்படியே போயின.

அந்தக் காலத்துத் தென் கரோலினாவில் கறுப்பினத்தவர் ஒருவர் வெள்ளையரிடம் வாய்காட்டினால் என்ன நடக்கும் என்பது அங்கு எல்லோருக்கும் தெரிந்ததே. பாடசாலையை இடையில் விட்டுவிட்டு ஒரு வெள்ளையரின் பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்தார் ஜோ. உழவு இயந்திரத்தைத் தவறுதலாகப் பழுதாக்கிய பன்னிரண்டு வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவனைப் பண்ணை முதலாளி இடுப்புப் பட்டியால் அடித்தார். நடந்ததை ஜோ மற்றத் தொழிலாளர்களிடம் சொன்னார். முதலாளி ஜோவை நோக்கியும் பட்டியைக் கழற்றினார். அந்தப் பட்டியைக் காற்சட்டை விழாமல் பிடிக்க வைத்துக்கொள், என் மேல் அது படாது என்று ஜோ திருப்பிச் சொன்னார். வேலை போயிற்று. இனி இங்கே இருந்தால் உனக்கு ஆபத்து என்று தாயும் சொல்லிவிட்டார். 1959இல், பதினைந்து வயதில், பஸ்ஸில் ஏறி நியூயோர்க்கில் இருந்த தமையனிடம் போனார்.

நியூயோர்க்கில் வேலை சரிவரக் கிடைக்கவில்லை. அங்கிருந்து பிலடெல்பியா. அங்கே ஓர் இறைச்சிக் கொல்களத்தில் வேலை கிடைத்தது. தரை கழுவுவது, இறைச்சிப் பாதிகளைத் தூக்குவது. குளிரறையில் தொங்கும் மாட்டிறைச்சியை இடைவேளைகளில் குத்திப் பழகுவார். காலுறையும் காற்சட்டையும் இறுகிப்போகுமளவுக்கு உடம்பு வைத்துவிட்டதால், மெலிவதற்காகவே பொலிஸ் விளையாட்டுக் கழகத்தின் குத்துச்சண்டைக் கூடத்துக்குப் போனார். அங்கே யாங்க் டர்ஹாம் என்ற பயிற்சியாளரின் கண்ணில் பட்டார். டர்ஹாம் ரயில் பாதையில் ஒட்டுவேலை செய்தவர், கடுமையான மனிதர். உள்ளே போய்க் கையுறையிலிருந்து புகை கிளம்பக் குத்திவிட்டு வா என்று அனுப்புவாராம். ‘ஸ்மோக்கின் ஜோ’ என்ற பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

இந்த இடத்தில் குத்துச்சண்டையின் சில நுட்பங்களைச் சொல்லாமல் பிரேசியரை விளங்கிக்கொள்ள முடியாது. உயரமும் நீளமான கையும் உள்ள வீரர், கையை நேரே நீட்டி எதிராளியைத் தூரத்திலேயே நிறுத்திவைப்பார். ஜப் என்பது அந்தக் குத்து. பிரேசியரின் உயரம் ஐந்து அடி 11½ அங்குலம். இரு கைகளையும் விரித்தால் 73 அங்குலம். அலியின் உயரம் ஆறு அடி 3 அங்குலம். கை வீச்சு 78 அங்குலம். ஏற்கெனவே ஐந்து அங்குலம் குறைவு. அதற்குமேல் இடது கையை முழுமையாக நீட்டவும் முடியாது என்றால், தூரத்தில் நின்று சண்டை பிடிக்கும் வழியே அவருக்கு இல்லை. நெருங்கிப் போயே ஆகவேண்டும்.

நெருங்குவதற்கு அவர் கண்ட வழி, குனிவது. முழங்காலை மடித்து, தலையைத் தாழ்த்தி, இடமும் வலமுமாக உடம்பை ஆட்டிக்கொண்டே முன்னே போவார். வரும் குத்துகள் தலைக்கு மேலால் போகும். டர்ஹாமும், பின்னர் அவரோடு சேர்ந்த எடி ஃபட்ச் என்ற பயிற்சியாளரும் இதை அவருக்குள் ஏற்றினார்கள். உயரத்தில் ஏற்கெனவே குறைந்தவரை இன்னும் குறைத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். எதிராளிக்கு இலக்கு சிறுத்தது. உள்ளே புகுந்துவிட்டால் இடது கை வேலையைத் தொடங்கும். முழங்கையை மடித்தபடி பக்கவாட்டிலிருந்து வீசும் குத்தை ஹூக் என்பார்கள். சாதாரண வீரர் அதற்காகக் கையைப் பின்னால் இழுத்து மடிக்க வேண்டும். அந்த அசைவைக் கண்டு எதிராளி தப்பிக்கொள்வார். பிரேசியரின் கை எப்போதும் மடிந்தே இருந்தது. துவக்கில் ஏற்கெனவே இழுத்து வைத்த குதிரை போல. அது புறப்படுவதும் வந்து விழுவதும் ஒன்றாகவே நடந்தன.

உடற்குறையை வென்ற வீரர்களைப் பற்றி எழுதும்போது, குறையையே பலமாக மாற்றினார் என்று முடித்துவிடுவது வழக்கம். பிரேசியரின் கையைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் அதற்கு விலை இருந்தது. முன்னே போய்க்கொண்டே இருப்பவர் ஒவ்வொரு அடிக்கும் குத்து வாங்கியே போகிறார். ஒரு குத்தைக் கொடுக்க இரண்டு மூன்றை ஏற்கும் சண்டை முறை அது. கண்ணைப் பொறுத்தவரை அந்த வாய்ப்பாடு சுத்தமாகப் பொருந்தாது. பார்வை குறைந்த கண் ஒருநாளும் அவருக்குப் பலமாகவில்லை.

1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கான தெரிவுப் போட்டியில் பிரேசியர் தோற்றார். வென்றவர் அவரைவிட உருவத்தில் மிகப் பெரியவரான பஸ்டர் மத்திஸ். அதோடு கதை முடிந்திருக்க வேண்டியது. மத்திஸின் கையில் காயம் ஏற்பட, பதில் வீரராக இருந்த பிரேசியர் டோக்கியோ போனார். அரையிறுதியில் சோவியத் வீரர் வாடிம் யெமெலியானோவைக் குத்தும்போது பிரேசியரின் இடது பெருவிரல் உடைந்தது. சொன்னால் இறுதிப் போட்டியில் இறங்க விடமாட்டார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. அறையில் வெந்நீரில் கையை ஊறவைத்துவிட்டு மறுபடி மேடையேறினார். ஜேர்மனியின் ஹான்ஸ் ஹூபருடன் இறுதிப் போட்டி. அவருடைய பிரதான ஆயுதமான இடது கையை அளந்தே பயன்படுத்த வேண்டிய நிலை. நடுவர்கள் 3க்கு 2 என்று பிரேசியருக்குக் கொடுத்தார்கள். அந்த ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையில் அமெரிக்காவுக்குக் கிடைத்த ஒரே தங்கப் பதக்கம் அதுதான்.

ஊர் திரும்பியவரை வரவேற்றது வறுமை. கையில் மாவுக்கட்டு. கொல்களத்தில் வேலை செய்ய முடியாது. மனைவியும் சிறு பிள்ளைகளும் வீட்டில். ஒலிம்பிக் தங்கத்தைப் பார்த்து முதலீடு செய்யப் பணக்காரர்கள் வரிசையில் வரவில்லை. இவ்வளவு குட்டையான ஒருவர் பாரச்சுமைப் பிரிவில் தேறமாட்டார் என்பதே பலருடைய கணிப்பு. 1965இல் தொழில்முறையில் இறங்கினார். கொஞ்சக் காலத்தின் பின்னர் பிலடெல்பியாவின் வர்த்தகர்கள் சிலர் பங்கு போட்டு ஒரு நிறுவனம் அமைத்து அவருக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கினார்கள்.

கண் பழுதானதும் இந்தக் காலத்தில்தான். பயிற்சியின்போது இடது கண்ணில் அடிபட்டது. பார்வை மங்கியது, பின்னர் கண்ணில் புரையும் வளர்ந்தது. ஒரு கண் பார்வை இல்லாதவருக்குக் குத்துச்சண்டை அனுமதிப் பத்திரம் கிடைக்காது. ஆகவே அவர் அதை மறைத்தார். சம்பியனாக இருந்த காலம் முழுவதும், போட்டிக்கு முந்திய வைத்தியப் பரிசோதனைகளில் எப்படியோ சமாளித்துக்கொண்டே போனார். இதை வீரமென்று மட்டும் எழுத மனம் வரவில்லை. வேறு பிழைப்பு இல்லாத ஒரு மனிதன் உயிரைப் பணயம் வைத்துச் செய்த காரியம் அது. இன்று யாராவது ஓர் இளம் வீரர் அப்படிச் செய்தால் உடனே தடுக்க வேண்டும்.

1967 ஏப்ரலில் வியட்நாம் போருக்கான கட்டாய இராணுவச் சேவையில் இணைய முகமது அலி மறுத்தார். சம்பியன் பட்டம் பறிக்கப்பட்டது. போட்டியிடும் அனுமதியும் போயிற்று. வெற்றிடமான பட்டத்துக்கு உலகக் குத்துச்சண்டைச் சங்கம் எட்டு வீரர்களைக் கொண்டு ஒரு தொடரை ஏற்பாடு செய்தது. பிரேசியர் தரப்பு அதில் கலந்துகொள்ள மறுத்துவிட்டது. 1968 மார்ச்சில் நியூயோர்க்கில், தன்னை ஒலிம்பிக் தெரிவில் வென்ற அதே மத்திஸை 11ஆம் சுற்றில் வீழ்த்தி, நியூயோர்க் ஆணைக்குழு அங்கீகரித்த பட்டத்தைப் பெற்றார். 1970 பெப்ரவரியில் ஜிம்மி எலிஸை வென்றதும் பட்டம் ஒன்றாயிற்று. எலிஸ் ஐந்தாம் சுற்றுக்கு எழுந்து வரவில்லை.

அலி வருமானமின்றி இருந்த அந்த மூன்றரை ஆண்டுகளில் பிரேசியர் அவருக்குப் பணம் கொடுத்து உதவினார். அலியின் அனுமதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். ஜனாதிபதி நிக்சனிடமும் பேசியதாகப் பின்னாளில் சொன்னார். அதில் அவருக்குச் சுயநலமும் இருந்தது. அலியை வெல்லாதவரை யாரும் தன்னை உண்மையான சம்பியனாக ஏற்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

1971 மார்ச் 8. நியூயோர்க் மடிசன் ஸ்குயர் கார்டன். ஒருவருக்கு 25 இலட்சம் டொலர். அதுவரை இருவருமே தோற்றதில்லை: அலி 31 போட்டிகள், பிரேசியர் 26. மண்டபத்தில் 20,000க்கும் மேற்பட்டோர். படப்பிடிப்பாளர்களுக்கான இடத்தில் கமராவோடு நின்றவர்களில் பாடகர் ஃபிராங் சினாட்ராவும் ஒருவர். முதல் சில சுற்றுகளில் அலியின் கை ஓங்கியிருந்தது. பிரேசியரின் முகம் வீங்கத் தொடங்கியது. ஆனால் அவர் நிற்கவில்லை. குனிந்து, ஆடி, உடம்பில் குத்திக்கொண்டே முன்னேறினார். 11ஆம் சுற்றில் ஓர் இடது ஹூக் அலியின் கால்களைத் தள்ளாட வைத்தது. 15ஆம் சுற்று, கடைசிச் சுற்று. முற்றத்து ஓக் மரத்துச் சாக்கில் பழகிய அதே குத்து, அலியின் தாடையில் விழுந்தது. அலி மல்லாந்து விழுந்தார். உடனே எழும்பியும் விட்டார். அதுவும் சாதாரண விடயமல்ல. மூன்று நடுவர்களும் பிரேசியருக்கே தீர்ப்பளித்தார்கள். வென்றவர்தான் அதன்பின் நீண்ட நாட்கள் வைத்தியசாலையில் கிடந்தார்.

அடுத்த மாதம் அவர் தென் கரோலினா சட்டசபையில் உரையாற்ற அழைக்கப்பட்டார். உள்நாட்டுப் போரை அடுத்த ஆண்டுகளுக்குப் பின்னர் அங்கே பேசிய முதல் கறுப்பினத்தவர் அவர். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர் உயிருக்குப் பயந்து பஸ் ஏறிய மாநிலம் அது. அதே மாநிலத்தில், ஒருகாலத்தில் அடிமைகள் உழைத்த 368 ஏக்கர் தோட்டம் ஒன்றைத் தாய்க்காக வாங்கிக் கொடுத்தார். ஒற்றைக் கைத் தகப்பன் 1965இலேயே இறந்துவிட்டார். இதையெல்லாம் பார்க்கவில்லை.

ஆனால் அந்த வெற்றியை அவரால் நிம்மதியாக அனுபவிக்க முடியவில்லை. போட்டிக்கு முன்னரே அலி அவரை ‘அங்கிள் டொம்’ என்று அழைக்கத் தொடங்கியிருந்தார். வெள்ளையருக்குப் பணிந்து நடக்கும் கறுப்பினத்தவரைக் குறிக்கும் வசை அது. அலி வளர்ந்தது லூயிவில் நகரத்தில். தகப்பன் விளம்பரப் பலகை ஓவியர். பிரேசியரோ பருத்தி நிலத்திலிருந்து வந்தவர். யார் ஒடுக்கப்பட்டவர் என்று கணக்குப் பார்த்தால் வசை திரும்பிப் போயிருக்கும். ஆனால் அலிக்கு நாக்கு இருந்தது. பிரேசியருக்குக் கரையோரத்துக் கறுப்பினப் பேச்சு வழக்கு. மேடையில் வார்த்தை வராது. அரசின் போரை எதிர்த்தவர் அலி என்பதால் முற்போக்கான இளைஞர்கள் அவர் பக்கம் நின்றார்கள். எதிரே நின்றவர் தானாகவே அரசின் ஆளாகிவிட்டார். பிரேசியரின் பிள்ளைகள் பாடசாலையில் கேலிக்கு ஆளானார்கள். தன் மக்களாலேயே துரோகி என்று பார்க்கப்பட்டதை அவர் நாற்பது வருடங்களாக மனதில் சுமந்தார். போரை எதிர்த்த அலியின் துணிவை மதிக்கும் நாமும், இந்தப் பழியை அவருடைய கணக்கிலிருந்து கழித்துவிட முடியாது.

1973 ஜனவரி 22இல் ஜமேய்க்காவின் கிங்ஸ்டனில் ஜோர்ஜ் ஃபோர்மன் அவருடைய பட்டத்தைப் பறித்தார். இரண்டே சுற்றுகளில் ஆறு தடவை விழுந்தார். குனிந்து முன்னே வருபவருக்குக் கீழிருந்து மேலே குத்துவதே மருந்து என்பது ஃபோர்மனுக்குத் தெரிந்திருந்தது. அவருடைய பலமும் அப்படிப்பட்டது. அதே வருடம் டர்ஹாமும் காலமானார். 1974 ஜனவரியில் அலியுடனான இரண்டாவது போட்டியில் பிரேசியர் புள்ளிகளில் தோற்றார்.

மூன்றாவது போட்டி 1975 ஒக்டோபர் 1ஆம் திகதி, பிலிப்பைன்ஸில். அமெரிக்கத் தொலைக்காட்சி நேரத்துக்கு ஏற்ப, அங்கே காலையிலேயே தொடங்கினார்கள். மண்டபத்துக்குள் தாங்க முடியாத வெப்பம். போட்டிக்கு முந்திய நாட்களில் அலி ஒரு ரப்பர் கொரில்லா பொம்மையை வைத்துக்கொண்டு, இதுதான் பிரேசியர் என்று செய்தியாளர்களின் முன்னால் குத்திக் காட்டினார். ஆரம்பச் சுற்றுகள் அலிக்கு. நடுவில் பிரேசியர் அலியின் விலாவிலும் தாடையிலும் அடித்து ஆட்டத்தைத் திருப்பினார். பின்னர் மறுபடி அலி. பிரேசியரின் வலது கண், அதாவது பார்வையுள்ள கண், வீங்கி மூடத் தொடங்கியது. இடது கண்ணில் புரை. அலியின் வலது கைக் குத்துகள் வருவது பிரேசியரின் இடது பக்கம். அந்தப் பக்கம் அவருக்கு இருட்டு. 13ஆம் சுற்றில் வாய்க்காப்பு வெளியே பறந்தது. 14ஆம் சுற்றில் அவர் கிட்டத்தட்ட எதையும் காணாமலே அடிவாங்கினார். முன்னே போவதை மட்டும் நிறுத்தவில்லை.

சுற்று முடிந்து மூலைக்கு வந்ததும் எடி ஃபட்ச் போட்டியை நிறுத்தினார். பிரேசியர் மறுத்தார், கெஞ்சினார். இன்னும் மூன்றே நிமிடங்கள்தான் இருந்தன. ஃபட்ச் அவருடைய தோளில் கை வைத்து உட்கார வைத்தார். குத்துச்சண்டை மேடையில் உயிர் போவதைக் கண்டிருந்த மனிதர் அவர்; பிரேசியருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். எதிர் மூலையில் அலியும் எழும்பும் நிலையில் இருக்கவில்லை; கையுறையைக் கழற்றிவிடும்படி கேட்டதாகவும் சொல்லப்படுகிறது. வெற்றியாளராக அறிவிக்கப்பட்டதும் அவர் தரையில் சாய்ந்தார். சாவுக்கு அருகே போய்வந்தது போல இருந்தது என்று பின்னர் அவரே சொன்னார். ஃபட்ச் இன்னொரு மூன்று நிமிடம் பொறுத்திருந்தால் பிரேசியர் வென்றிருப்பாரா என்ற வாதம் இன்றும் நடக்கிறது. எமக்கு அந்த வாதத்தில் ஆர்வமில்லை. ஃபட்ச் செய்தது சரி. பிரேசியர் அதன்பின் 36 வருடங்கள் உயிரோடு இருந்தார்.

1976இல் ஃபோர்மனிடம் மீண்டும் தோற்றதும் ஓய்வுபெற்றார். 1981இல் ஒருமுறை திரும்பிவந்து, சமநிலையில் முடிந்த ஒரு போட்டியோடு நிரந்தரமாக விலகினார். மொத்தம் 37 போட்டிகள்: 32 வெற்றி, 4 தோல்வி, 1 சமநிலை. அந்த நான்கு தோல்விகளும் அலியிடமும் ஃபோர்மனிடமும் மட்டுமே. மகன் மார்விஸும் குத்துச்சண்டை வீரரானார். வழக்கறிஞரான மகள் ஜாக்கி 2001இல் அலியின் மகள் லைலாவோடு மோதிப் புள்ளிகளில் தோற்றார், பின்னர் நீதிபதியானார்.

பிலடெல்பியாவின் வடக்கு புரோட் வீதியில் இருந்த தன் பயிற்சிக் கூடத்தில்தான் பிரேசியர் பிற்காலத்தைக் கழித்தார். வறுமையும் வன்முறையும் நிறைந்த சுற்றுவட்டாரம். வீதியில் நிற்கும் பையன்களை உள்ளே கூப்பிட்டுப் பழக்கினார். கூடத்துக்கு மேலேயே ஓர் அறையில் குடியிருந்தார். அலியும் ஃபோர்மனும் கோடிகள் சேர்த்த காலத்தில் இவரிடம் பணம் தங்கவில்லை. 2008இல் கூடம் மூடப்பட்டது.

அலி மீதான கோபம் சுலபத்தில் ஆறவில்லை. 1996இல் அட்லாண்டாவில் நடுங்கும் கையோடு அலி ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியபோது உலகமே கண்கலங்கியது. பிரேசியரோ, அவரை நெருப்புக்குள் தள்ளிவிட்டிருப்பேன் என்ற பொருளில் பேசினார். அழகான பேச்சல்ல. ஆனால் எங்கிருந்து வந்தது என்பது புரியாததும் அல்ல. 2001இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் அலி மன்னிப்புக் கேட்டார். என்னிடம் நேரில் கேட்கட்டும் என்ற மனத்தாங்கல் பிரேசியருக்கு இருந்தது. பின்னர் கொஞ்சம் கொஞ்சமாக இளகினார். 2011 நவம்பர் 14ஆம் திகதி பிலடெல்பியாவில் நடந்த இறுதிச் சடங்குக்கு, பார்க்கின்சன் நோயால் பேச்சும் நடையும் தளர்ந்த நிலையில் அலி வந்திருந்தார். எழுந்து நின்று கைதட்டும்படி பாதிரியார் ஜெசி ஜக்சன் கூட்டத்தைக் கேட்டபோது, அலியும் எழுந்து நின்று கைதட்டினார்.

1976இல் வெளிவந்த ‘ரொக்கி’ திரைப்படத்தில், பிலடெல்பியாவின் ஏழைக் குத்துச்சண்டை வீரன் ஒருவன் குளிரறையில் தொங்கும் மாட்டிறைச்சியைக் குத்திப் பழகுவான். பிரேசியரின் வாழ்க்கையிலிருந்து எடுத்தது. படத்தில் வீரன் வெள்ளையர். பிரேசியர் ஒரு காட்சியில் தானாகவே தோன்றிக் கைகுலுக்கிவிட்டுப் போவார். அந்தக் கற்பனை வீரனுக்கு எண்பதுகளிலேயே நகரத்தில் வெண்கலச் சிலை வந்துவிட்டது. சுற்றுலாப் பயணிகள் இன்றும் அதன் அருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையான வீரனின் சிலை 2015 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. 12 அடி உயரம். 1971இல் அலி விழுந்த அந்தக் கணத்தைச் சிற்பி வடித்திருக்கிறார். அப்போது பிரேசியர் இறந்து கிட்டத்தட்ட நான்கு வருடங்கள்.

பயிற்சிக் கூடம் இருந்த கட்டடம் 2013இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. கூடம் மூடியபின் அங்கே தளபாடக் கடை ஒன்று வந்தது.